காட்டுப் பாதை யாருக்கு?

(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு, சர்க்கரை வியாதி என்று பேச எத்தனையோ விடயங்கள் இருக்க, காட்டில் நடப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது நேயர்களே. எங்கள் வயதானவர்களின் உடம்பும் மனமும் அதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாங்கள் வாழும் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. டொய்டொபூர்க் காட்டு மலைத்தொடர் நகரத்தின் நடுவாலே போகிறது. மலைக்கு வடக்கே நகர மையமும் பல்கலைக்கழகமும், தெற்கே பிராக்வேடெயும் சென்னெயும். எந்தப் பக்கம் குடியிருந்தாலும் கொஞ்ச நேரப் பயணத்தில் மரங்களுக்குள் நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜேர்மன் குடும்பங்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அங்கே போகின்றன. எங்கள் வீடுகளில் இருந்து போகிறவர்கள் குறைவு. அதிலும் கால் இயலாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், றொலாட்டரோடும் சக்கர நாற்காலியோடும் இருக்கிறவர்கள் மிகக் குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு 'றெசிடென்ஸ்ஃப்ளிக்ற்' என்ற சொல்லை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அகதி விண்ணப்பம் முடியும்வரை, பதிந்திருக்கும் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் கடிதம் வேண்டும். பக்கத்து ஊரில் நடந்த கலியாண வீட்டுக்குப் போகமுடியாமல் ஹைமில் இருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சட்டம் 2015ஆம் ஆண்டில்தான் பெருமளவு தளர்த்தப்பட்டது. அதோடு, காடு என்றாலே எங்களில் பலருக்கு வன்னிக் காடு. இடம்பெயர்ந்து நடந்த இரவு, கண்ணிவெடி பற்றிய பயம். ஆகவே இங்கே ஒரு காட்டு வாசலில் நிற்கும்போது, 'இது எங்களுக்கான இடமில்லை' என்று மனம் தானாகவே சொல்லிவிடுகிறது.

இன்று நிலைமை வேறு. அன்று இருபத்தைந்து வயதில் வந்தவர்களில் பலருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது. பாரிசவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். போரில் காலை இழந்து வந்தவர்களும் எங்கள் நடுவே முதுமை அடைகிறார்கள். வைத்தியர் ஒவ்வொரு முறையும் 'நடவுங்கள், வெளியே போங்கள்' என்கிறார். ஆனால் எங்கே நடப்பது? கடைத்தெருவிலா, தொலைக்காட்சிக்கும் சமையலறைக்கும் இடையிலா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஜேர்மனியின் கூட்டாட்சிக் காட்டுச் சட்டம் 1975ஆம் ஆண்டில் வந்தது. அதன் 14ஆம் பிரிவு, ஓய்வுக்காகக் காட்டுக்குள் போக எல்லோருக்கும் அனுமதி உண்டு என்கிறது. காடு தனியாருடையதாக இருந்தாலும் இதுதான் விதி. கால்நடையாகப் போகிறவர் பாதையை விட்டு மரங்களுக்குள்ளும் போகலாம். சைக்கிள், குதிரை, நோயாளரின் சக்கர நாற்காலி மூன்றும் வீதிகளிலும் பாதைகளிலும் மட்டும் போகலாம். கவனியுங்கள், அந்தச் சட்டத்தில் சக்கர நாற்காலி பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. போகிறவர் தன் சொந்தப் பொறுப்பில் போகவேண்டும் என்பதும் அங்கே உண்டு. மரக்கிளை விழுவது, வேர் தடக்குவது போன்ற காட்டுக்கே உரிய ஆபத்துகளுக்குக் காட்டின் சொந்தக்காரர் பொறுப்பில்லை.

அரசியல் சட்டத்தின் மூன்றாம் உறுப்புரையில், உடற்குறையின் காரணமாக எவரும் பின்தள்ளப்படக் கூடாது என்ற வசனம் 1994இல் சேர்க்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2009 முதல் ஜேர்மனியில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 30ஆம் உறுப்புரை ஓய்வு, பொழுதுபோக்கு, விளையாட்டு பற்றியது. வைத்தியசாலைக்கும் அலுவலகத்துக்கும் போகும் உரிமை மட்டும் போதாது, சந்தோசத்துக்காக வெளியே போவதும் உரிமைதான் என்று உலக நாடுகள் சேர்ந்து எழுதி வைத்திருக்கின்றன.

ஆக, உரிமை கடதாசியில் இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைப் பாவிக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது, பெரும்பாலும் பாதையின் முதல் நூறு மீட்டர்தான். நான் மாதத்துக்கு ஒரு முறை எங்கள் வயதானவர்கள் சிலரோடு நடக்கப் போகிறேன். அதில் கண்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த நகரத்தின் ஒரு காட்டு வாசலில், மோட்டார் சைக்கிள் நுழையாமல் இருக்க இரண்டு வளைகம்பிகளை ஒன்றுக்கொன்று குறுக்காக நாட்டியிருந்தார்கள். நல்ல நோக்கம்தான். நாங்கள் ஒவ்வொருவராக உடம்பை வளைத்துக்கொண்டு உள்ளே போனோம். எங்களோடு வந்த ஓர் அம்மாவின் றொலாட்டர் அந்த வளைவில் திரும்பவில்லை. தூக்கித் தருகிறோம் என்றோம். அவர், "வேண்டாம் பிள்ளையள், நீங்கள் போட்டு வாங்கோ, நான் இதிலை இருக்கிறன்" என்றார். கம்பிக்கு அப்பால் பாதை அகலமாக, சமமாக, இறுகிய பரப்பாக இரண்டு கிலோமீற்றர் போனது. அந்த அம்மாவால் தாராளமாக நடந்திருக்க முடியும். இரண்டு கம்பிக்கும் இடையில் இருந்த இடைவெளி சில சென்ரிமீற்றர் குறைவாக இருந்ததால் இரண்டு கிலோமீற்றர் பாதை அவருக்கு இல்லாமல் போனது.

இப்படித்தான் பெரும்பாலான தடைகள் இருக்கின்றன. பஸ் தரிப்பிடத்திலிருந்து காட்டு வாசல் வரைக்கும் ஓரக்கல் தாழ்த்தப்படாமல் இருக்கும். வாகனத் தரிப்பிடம் முழுக்கப் பெருங்கல் கொட்டியிருக்கும். முதல் வாங்கு ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும். மலசலகூடம் எங்கேயும் இராது. எங்கள் பெண்களில் பலர் வராமல் இருப்பதற்கு இந்தக் கடைசிக் காரணமே போதும்.

காலநிலையும் புதிதாக ஒரு தடையைக் கொண்டு வந்திருக்கிறது. 2018 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்த வரட்சியும், அதைத் தொடர்ந்து பெருகிய பட்டை வண்டும் இந்தப் பகுதியின் ஊசியிலை மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டன. பட்ட மரங்களை வெட்டி ஏற்றப் பாரிய இயந்திரங்கள் காட்டுக்குள் போகும்போது பாதைகளில் ஆழமான சக்கரத் தடங்கள் விழுகின்றன. மழை பெய்து காய்ந்தால் அது உழுத வயல் போலாகிவிடும். நடக்கிறவர் ஓரமாகப் போய்விடுவார். சக்கரத்தை நம்பியிருப்பவர் திரும்பிவிட வேண்டியதுதான்.

இனி எங்கள் நகரத்துக்குள் ஒரு சுற்றுப் போய்வருவோம்.

ஷில்டெஷெப் பகுதியில் ஓபர்சே என்ற செயற்கை ஏரி இருக்கிறது. பக்கத்தில் பழைய ரயில் பாலம் உயர்ந்து நிற்கும். ஏரியைச் சுற்றிய பாதை பெரும்பாலும் சமமானது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் வட்டப் பாதை என்பது இன்னொரு நல்ல விடயம். மறதி நோய் உள்ளவர்களோடு போகும்போது வட்டப் பாதைதான் வசதி. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் லுற்றர் ஆற்றை ஒட்டிய குளங்களின் ஓரமாகவும் மேடு பள்ளம் அதிகம் இல்லாமல் நடக்கலாம்.

ஓல்டர்டிசன் விலங்குப் பூங்கா எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை. கரடி, ஓநாய், மான், காட்டுப்பன்றி எல்லாம் பார்க்கலாம். ஆனால் அது மலைச் சரிவில் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் சுற்றுவது ஒன்று, மேலே தள்ளிக்கொண்டு ஏறுவது வேறொன்று. சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவரின் இடுப்பையும் நாங்கள் நினைக்க வேண்டும்.

ஸ்பாரன்பூர்க் கோட்டை நகரத்தின் அடையாளம். கோபுரத்தின் உச்சிக்குப் படிகளில் ஏறித்தான் போகவேண்டும். ஆனால் கோட்டையிலிருந்து தென்கிழக்காக மலை முதுகு வழியே போகும் 'புறொமெனாடெ' என்ற அகலமான மரநிழல் பாதை, கோபுரம் ஏற முடியாதவர்களுக்கும் மலைமேல் நிற்கும் உணர்வைக் கொடுக்கும். கீழே இருந்து அந்த மலைமேல் வருவதுதான் பிரச்சினை. வந்துவிட்டால் வேறு கதை.

அந்தக் கோட்டையைத் தொட்டுக்கொண்டு போவது ஹெர்மன்ஸ்வேக் என்ற நெடும்பாதை. றைனெ என்ற ஊரிலிருந்து டொய்டொபூர்க் காட்டு முதுகு வழியாக ஏறத்தாழ 156 கிலோமீற்றர் போகிறது. மரங்களிலே கறுப்புப் பின்னணியில் வெள்ளை நிறத்தில் 'ஹா' எழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எழுத்து வழியைக் காட்டும். ஆனால் அடுத்த வளைவில் என்ன ஏற்றம் இருக்கிறது, வேர்கள் இருக்கின்றனவா, படிகள் இருக்கின்றனவா என்று சொல்லாது. இயலுமானவருக்கு வழி தெரிந்தால் போதும். இயலாதவருக்கு வழியின் குணமும் தெரியவேண்டும்.

தெற்கே சென்னெப் பக்கம் போனால் நிலம் தட்டையாக இருக்கும். தட்டை என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அது மணல் நிலம். மணலில் சக்கரம் புதைந்தால் ஓர் ஆள் தள்ளிப் பிரயோசனமில்லை. பருத்தித்துறைக் கடற்கரை மணலில் சைக்கிள் உருட்டியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இந்த நகரத்தைப் பற்றிப் பேசும்போது பேதெலை மறக்க முடியாது. 1867இல் வலிப்பு நோயாளருக்காகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் இன்று காடர்பாவும் பகுதியில் ஒரு தனி ஊர் போலவே இருக்கிறது. நாசிகளின் காலத்தில், 1934க்குப் பிறகு, அங்கிருந்த பலர் பலவந்தமாகக் கருத்தடை செய்யப்பட்டார்கள் என்ற கசப்பான வரலாறும் அதற்கு உண்டு. இன்று அந்தத் தெருக்களில் சக்கர நாற்காலியில் போகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் ஊரில் வாழும் மக்கள், அவ்வளவுதான். அந்த மலைச்சரிவுக்கு மேலேயும் காடுதான். தெருவில் சாதாரணமாகிவிட்டது காட்டிலும் சாதாரணமாக வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் வரும். 'காட்டுப் பாதைகளுக்கெல்லாம் தார் ஊற்றச் சொல்கிறீர்களா? அப்படியென்றால் காடு எப்படிக் காடாக இருக்கும்?' என்பது ஒன்று. 'இதற்கெல்லாம் காசு எங்கே?' என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதலாவதற்குப் பதில்: தார் தேவையில்லை. நுண்ணிய கல்லையும் கல்தூளையும் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் இறுக்கிய பாதையில் சக்கர நாற்காலி நன்றாக ஓடும். மழைநீரும் மண்ணுக்குள் இறங்கும். ஜேர்மனியில் பல பூங்காப் பாதைகள் இந்த முறையில்தான் போடப்பட்டிருக்கின்றன. எல்லாப் பாதையையும் மாற்றவும் தேவையில்லை. மலை மலையாகவே இருக்கட்டும்.

இரண்டாவதற்குப் பதில் இங்கிலாந்திலிருந்து வருகிறது. அங்கேயுள்ள ஏரி மாவட்டத் தேசியப் பூங்கா மலைகளும் ஏரிகளும் நிறைந்த இடம். ஆடு வளர்க்கும் வேலிகள் எங்கும் இருக்கும். அந்த வேலிகளைக் கடக்க மரப்படி வைத்திருப்பார்கள். எங்கள் ஊர் வளவு வேலியில் கடப்பு வைப்போமே, ஆடு மாடு நுழையாது, மனிதர் காலைத் தூக்கி வைத்துக் கடப்பார்கள், அதே யோசனைதான். காலைத் தூக்க முடியாதவருக்கு அந்தக் கடப்பே மதில். ஆகவே அந்தப் பூங்கா நிர்வாகம் கடப்பு இல்லாத பாதைகளை எடுத்து, 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் ஏறத்தாழ ஐம்பது பாதைகளைத் தொகுத்தது. அவற்றை மூன்று வகையாகப் பிரித்தது. ஒன்று எல்லோருக்கும் ஏற்றது, ஒன்று பலருக்கு ஏற்றது, ஒன்று சிலருக்கு ஏற்றது. கைவலிமையும் பழக்கமும் உள்ளவர் மூன்றாம் வகையைத் தெரிவு செய்வார். பேரனின் வண்டிலைத் தள்ளும் அம்மம்மா முதலாம் வகையைத் தெரிவு செய்வார். 'நீ வரலாம், நீ வரக்கூடாது' என்று பூங்கா சொல்லவில்லை. பாதையின் உண்மையைச் சொல்லிவிட்டு, முடிவைப் போகிறவரிடம் விட்டுவிட்டது. உண்மையைச் சொல்லப் பெரிய காசு தேவையில்லை.

இங்கேயும் முன்மாதிரிகள் இருக்கின்றன. எங்கள் மாநிலத்தின் ஐஃபெல் தேசியப் பூங்கா 2004இல் தொடங்கப்பட்டது. அங்கே 'வில்டர் கேர்மெற்றர்' என்ற காட்டுப் பகுதியைச் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்வையற்றவர்களும் பாவிக்கக்கூடியதாக ஒழுங்கு செய்திருக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் கிட்ட, இதே டொய்டொபூர்க் காட்டில், பாட் இபூர்க் என்ற ஊரில் மர உச்சிகளுக்கு நடுவே போகும் நடைபாலம் 2018இல் திறக்கப்பட்டது. மின்தூக்கி இருப்பதால் நடக்க முடியாதவரும் மர உச்சியில் நின்று பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் இருந்தும் ஒரு பாடம் உண்டு. சென்னை மெரினாக் கடற்கரையின் மணலில் சக்கர நாற்காலி போக வழியில்லாமல் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டார்கள். ஆண்டுக்கு ஒரு முறை சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போட்டுக் கொடுத்தார்கள். கடைசியில் 2022 நவம்பர் 27ஆம் திகதி 263 மீற்றர் நீளமான மரப்பாதை திறக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் சென்னையில் இருந்தும் கடல் அலையைத் தொடாதவர்கள் அன்று தொட்டார்கள். இரண்டு கிழமை கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பிறகு திருத்தினார்கள். பாதை திறப்பது ஒரு நாள் விழா, பாதையைக் காப்பது ஒவ்வொரு மாத வேலை. எங்கள் காட்டில் இயந்திரத் தடங்களை நிரவுவதும், விழுந்த கிளையை அகற்றுவதும் அந்த மாத வேலைதான்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? அளக்கலாம், நேயர்களே. வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஒரு அளவுநாடாவும் கைத்தொலைபேசியும் போதும்.

மிக ஒடுங்கிய இடத்தின் அகலத்தை அளவுங்கள். சக்கர நாற்காலி நுழைய 90 சென்ரிமீற்றர் வேண்டும். இரண்டு நாற்காலிகள் எதிர் எதிரே வந்து விலக 180 வேண்டும். நின்று திரும்ப ஒன்றரை மீற்றர் நீள அகலம் வேண்டும்.

ஏற்றத்தைப் பாருங்கள். பொது வெளிகளுக்கான ஜேர்மன் கட்டட விதி, 3 சதவீதம் வரையான ஏற்றத்தைச் சாதாரணமாக ஏற்கிறது. 6 சதவீதம் வரை போகலாம், ஆனால் பத்து மீற்றருக்கு ஒரு முறை இளைப்பாறச் சமதளம் வேண்டும். 6 சதவீதம் என்றால் ஒரு மீற்றர் தூரத்துக்கு 6 சென்ரிமீற்றர் உயர்வு. கைத்தொலைபேசியில் உள்ள நீர்மட்டக் கருவி பாகையில் காட்டினால், மூன்றரைப் பாகை என்பது ஏறத்தாழ 6 சதவீதம். காட்டுப் பாதை எல்லாம் அந்த விதிக்குள் வராது. ஆனால் எங்கே அதைத் தாண்டுகிறது என்று தெரிந்தால் துணைக்கு ஆள் வேண்டுமா என்று முதலே முடிவு செய்யலாம்.

பிறகு, பரப்பு என்ன என்று எழுதுங்கள்: தார், இறுகிய கல்தூள், மணல், வேர், சேறு. வாங்குகளுக்கு இடையில் எத்தனை மீற்றர்? இதயநோய் உள்ளவருக்கு அதுதான் முதல் கேள்வி. மலசலகூடம் எங்கே? இறங்கும் பஸ் அல்லது ட்ராம் தரிப்பிடத்திலிருந்து வாசல் எவ்வளவு தூரம்? வாசலில் என்ன தடுப்பு? இவ்வளவுதான். ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எடுத்த தகவலை எங்கே கொடுப்பது? 'வீல்மாப்' என்ற இணைய வரைபடத்தைப் பேர்லினைச் சேர்ந்த ஓர் அமைப்பு 2010இல் தொடங்கியது. ஓர் இடத்துக்குச் சக்கர நாற்காலியில் போகலாமா என்று பச்சை, செம்மஞ்சள், சிவப்பு நிறங்களால் யாரும் குறிக்கலாம். எங்கள் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

திருத்த வேண்டியது இருந்தால் நகரசபைக்கு எழுதுங்கள். பீலெஃபெல்ட்டில் பத்து நகரப் பிரிவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு மன்றம் உண்டு. எங்கள் மாநில உள்ளூராட்சிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, ஊரில் குறைந்தது மூன்று மாதம் குடியிருப்பவர் எவரும் தனியாகவோ கூட்டாகவோ எழுத்தில் யோசனையோ முறைப்பாடோ கொடுக்கலாம். ஜேர்மன் கடவுச்சீட்டு வேண்டும் என்று அங்கே இல்லை. நகரத்தில் மாற்றுத்திறனாளிகள் விடயத்துக்கான ஆலோசனைச் சபையும், முதியோர் சபையும், வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களுக்கான ஒருங்கிணைப்புச் சபையும் இருக்கின்றன. 'பாதை சரியில்லை' என்று எழுதினால் ஒரு பொதுப் பதில் வரும். 'இன்ன வாசலில் இரண்டு கம்பிக்கும் இடையில் இத்தனை சென்ரிமீற்றர்தான் இருக்கிறது, 90 வேண்டும், படம் இணைத்திருக்கிறோம்' என்று எழுதினால், வாசிப்பவர் என்ன செய்யவேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். டொச் எழுதப் பயப்படுகிறவர்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள். முந்தி எங்களுக்காக அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்த்த பிள்ளைகள் இப்போது சட்டத்தரணியாகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டுக்குள் இருக்கும் தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதே இல்லை. 'ஆக்கள் என்ன நினைப்பினம்', 'பிள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரத்திலை இது வேண்டாம்' என்று சொல்கிறார்கள். இயலாமையின் அளவு 50 என்று தீர்மானிக்கப்பட்டால் அந்த அட்டை கிடைக்கும். அதில் நடக்கச் சிரமம் என்பதற்கான 'கே' குறி இருந்தால், ஒரு முத்திரை வாங்கி ஜேர்மனி முழுவதும் பஸ்சிலும் ட்ராமிலும் பிராந்திய ரயிலிலும் பயணம் செய்யலாம். 2025 தொடக்கம் அந்த முத்திரை ஆண்டுக்கு 104 யூரோ. முதியோர் அடிப்படை உதவி பெறுபவர்களுக்கு அதுவும் இலவசம். துணை ஆள் வேண்டும் என்ற 'பே' குறி இருந்தால், கூட வருபவருக்கும் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் மலசலகூடங்களைத் திறக்கும் 'யூரோ திறப்பு' ஒன்று உண்டு. தகுதி உள்ளவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டால் ஐரோப்பாவில் பல இடங்களில் பயன்படும். இவை யாரும் போடும் பிச்சை கிடையாது. இத்தனை ஆண்டுகள் தொழிற்சாலையிலும் உணவகச் சமையலறையிலும் நின்று வரி கட்டிய கால்களுக்குச் சட்டம் கொடுக்கும் உரிமை.

ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேரன்று பாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரைக் கூட்டம் விலகி முன்னுக்கு விடும். அன்று யாரும் வெட்கப்படுவதில்லை. அம்மாளைக் காண வேண்டும் என்ற ஆசை பெரிது. மரத்தையும் வானத்தையும் காண வேண்டும் என்ற ஆசையும் சின்னது இல்லையே. ஆண்டுக்கு ஒரு நாள் தேருக்கு ஆயத்தப்படுத்தும் அக்கறையை, மாதத்துக்கு ஒரு ஞாயிறு காட்டுக்கும் காட்டலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். வீட்டில் மிகவும் இயலாதவர் யாரோ, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நாடாவை எடுங்கள். எழுதியதை எங்கள் வானொலிக்கு அனுப்புங்கள். வருகிற மாதங்களில் ஒவ்வொரு பாதையாக, எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்று பிரித்து வாசிப்போம். திருத்தவேண்டிய வாசல்களைச் சேர்த்து ஒரே கடிதமாக நகரசபைக்கு அனுப்புவோம்.

குளிருக்கு முன்னம் இன்னும் சில நல்ல ஞாயிறுகள் இருக்கின்றன. தேத்தண்ணீர்ப் போத்தலையும் நாடாவையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.